பேத்தமங்கலம் வரை சொல்லாத சேதி

"சாப்ட்டியாம்மா?" என்று அவர் கேட்டால் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் பெண்கள் கைவேலையை அப்படியே நிறுத்திவிடுவார்கள். உலகத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். அவர் வாயிலிருந்து வந்தால் மட்டும் அதற்கு வேறு கனம் இருந்தது.

தங்க வயலில் அப்போது நான் ஒரு சுரங்கத்தில் டோக்கன் ரைட்டராக இருந்தேன். ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் என் ஜன்னலில் ஆளுக்கொரு பித்தளை வில்லை வாங்கிக்கொண்டு, சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறுவார்கள். மேலே வந்ததும் திருப்பித் தருவார்கள். நான் அதை அதன் ஆணியில் மாட்டுவேன். ஷிப்டு முடிந்தும் ஓர் ஆணி வெறுமையாக இருந்தால், அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அந்தக் கேள்விக்காரர் சுரங்கப் பட்டறையில் பிட்டர், இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். நெடிய ஆள். உலைத் தீயில் ஒரு புருவம் கருகி, திரும்ப முளைக்காமலே போயிருந்தது. பிட்டரண்ணன் என்றால் தங்க வயல் முழுக்கத் தெரியும். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் பிள்ளைகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

பூமிக்கு அடியில் ஒருவன் செத்தால், அந்தச் சேதியை யாராவது அவன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளைக்காரர்கள் போகமாட்டார்கள். மேஸ்திரிகள் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போவார்கள். "பிட்டரைக் கூப்புடு" என்பார்கள். அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு, மரத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போவார். யாரும் அவருக்கு இட்ட வேலை இல்லை அது. அவரும் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

ஆனால் போனவுடன் சொல்லமாட்டார். முதலில் அந்தக் கேள்வியைக் கேட்பார். மனசுக்குள் பயந்தாலும், அவர் வாய் திறந்து சொல்லும்வரை யாரும் அதை நம்பமாட்டார்கள். வீட்டில் சாப்பிட்டு முடித்திருந்தால் உடனே சொல்லிவிடுவார். முடிக்காவிட்டால் வாசலுக்கு வெளியே குந்திக்கொண்டு, ஒழுகுகிற குழாயைப் பற்றியோ ஆடு குட்டி போட்டதைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, குடிக்கத் தண்ணீர் கேட்பார். சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு சொல்வார். சாவு விழுந்த வீட்டில் அடக்கம் முடியும்வரை அடுப்பு மூட்டக்கூடாது. மூட்டினாலும் அந்த வீட்டார் தொண்டையில் சோறு இறங்காது. சேதிக்கு முன்னால் தின்ற வாய்தான் தின்ற வாய் என்பது அவர் கணக்கு.

இதை ஒருமுறை நானே கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். சுரங்கத்துக்குள் கல் ஏற்றிய டிரக் வண்டி தள்ளும் வேலை செய்தவனின் வீடு. அவன் மனைவி அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சோறு சீக்கிரம் வேகட்டும் என்று இவர் வெளியே உட்கார்ந்து அவளுக்கு விறகு பிளந்து கொடுத்தார். அந்த வீட்டுச் சின்னப் பெண் சாப்பிட அடம்பிடித்தது. தாய் அதன் முதுகில் ஒன்று வைத்தாள். இவர் உடனே குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, காக்காய் வருகிறது, குருவி வருகிறது என்று உருண்டை உருண்டையாக ஊட்ட ஆரம்பித்தார். அந்தக் குழந்தை கடைசி உருண்டையை விழுங்கும்வரை அந்த வீட்டில் அப்பன் உயிரோடு இருந்தான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தெருமுனைக்குப் போய்விட்டேன். அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பி வந்தேன்.

அதனால் லைனில் அவரைப் பற்றி இரண்டு விதமான பேச்சு இருந்தது. புண்ணியவான் என்றார்கள் சிலர். "நம்ம வூட்டு சாவுக்கு நம்மளையே விருந்து துன்ன வைக்கறான்" என்றாள் ஒரு கிழவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் சுரங்கக் கொத்தனார் மனைவி ஒருத்தியிடம் வாய் தவறி, "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டார். அவள் குடத்தை அப்படியே கீழே போட்டுவிட்டு, வெறுங்காலோடு சுரங்க வாயான ஷாப்ட் வரைக்கும் ஓடினாள். அவள் புருஷன் அன்று வேலைக்கே போகவில்லை. கள்ளுக்கடை நிழலில் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்து நடுத்தெருவில் நின்று இவரைத் திட்டினாள்.

"உன் வாயில மண்ணு வுழ! இன்னொரு தபா என்கிட்ட சோத்தப் பத்திக் கேட்டுப் பாரு, அப்பறம் இருக்குது உனக்கு!"

அவர் உடைந்த பானை ஓடுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வேற இன்னா கேக்கறது தம்பி? மழ வருமான்னா கேக்கறது?" என்றார். அதன் பிறகு கொஞ்ச நாள் எல்லோரையும் "சவுக்கியமா?" என்று கேட்டுப் பார்த்தார். அந்தச் சொல் அவர் வாயில் உட்காரவில்லை. விட்டுவிட்டார்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

காவேரியிலிருந்து மின்சாரக் கம்பி வயலுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மார்கழி முடியும் தறுவாய். அந்த வருஷம் மழை அதிகம். எங்களைச் சுற்றியுள்ள ஏரிகள் எல்லாம் நிரம்பி, சிலவற்றின் கரை கரைந்து போயிருந்தது. அவற்றுக்கு மண் கொட்டிப் பலப்படுத்தும் வேலைக்கு ஒட்டர்களின் கும்பல் ஒன்று ஏரி ஏரியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கும்பலில் எங்கள் லைனைச் சேர்ந்த காசியம்மா என்ற பெண்ணும் இருந்தாள். அவள் புருஷன் ஏழுமலை எங்கள் சுரங்கத்தில் துளை போடும் வேலைக்காரன். இருவரும் குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் குழம்பில் உப்பில்லை என்று அவன் தட்டை வாசலில் வீசியெறிந்தான். லைன் முழுக்கப் பார்த்தது. "நீயா வந்து கூப்புடற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் மண் சுமக்கப் போய்விட்டாள்.

ஒரு மாதமாக அவனும் போகவில்லை. ஆனால் கடைசியாக ராத்திரி ஷிப்டுக்கு இறங்கும்போது, வில்லையை வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கேட்டான். "ரைட்டரே, அந்த ஒட்டருங்க இப்ப எந்த ஏரியில கீறாங்கன்னு தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு கீழே பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தது. விடிவதற்கு முன் அவன் உடலை மேலே கொண்டுவந்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

பிளேக் வந்துபோனதிலிருந்து, இறந்த உடலை லைனில் இரவு தங்கவைக்க விடுவதில்லை. பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும். காசியம்மா எந்த ஏரியில் இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. மாட்டுவண்டி கட்டித் தேடிப் போனால் திரும்பி வர மறுநாள் ஆகிவிடும். அவள் புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது.

பட்டறை இஞ்சினீயர் துரையிடம் சீமையிலிருந்து வந்த ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சக்கரம் வைத்துப் பிரம்புக் கூடை நாற்காலி ஒன்று பூட்டியிருக்கும். துரைசானிக்காக வாங்கியது. அந்த அம்மாள் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு, இனி செத்தாலும் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. பிள்ளைகள் அதை டுப்டுப்பு வண்டி என்பார்கள். அதைப் பிரித்து மாட்டுகிறவரும், வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறவரும் பிட்டரண்ணன்தான். அவர் போய்க் கேட்டார். துரை பெட்ரோல் டின்னைக் காட்டினாராம்.

பிறகு என் ஜன்னலுக்கு வந்தார். "எனக்கு அந்தப் பொண்ணு மொகம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஏறுங்க தம்பி."

நான் கூடையில் உட்கார்ந்தேன். நாலு பேர் பின்னாலிருந்து ஓடித் தள்ளியதும் வண்டி உயிர் பிடித்தது.

பேத்தமங்கலம் ஏரிதான் முதலில். வயலுக்குக் குழாய்த் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. குழாயில் பார்த்த தண்ணீரை நான் அதன் இருப்பிடத்தில் பார்த்தது அன்றுதான். கரைமேல் ஏறியதும் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். அதில் காலை வெயில். நீர்க்காகங்கள் பட்ட மரக்கிளைகளில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. எங்கள் சத்தத்தில் ஒரு கொக்குக் கூட்டம் வெள்ளைத் துணியை உதறியதுபோல் எழுந்தது. துறையில் துவைத்துக்கொண்டிருந்த வண்ணார் ஒருவர் துணியைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே ஓடினார். அவரைச் சமாதானப்படுத்தி விசாரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒட்டர்கள் ராமசாகரம் போய்விட்டதாகத் தெலுங்கில் சொன்னார்.

ராமசாகரத்தில் கரைமேல் புது மண் ஈரம் காயாமல் இருந்தது. ஆள் இல்லை. முந்தின நாளே முளபாகல் பக்கம் போய்விட்டார்களாம். அங்கே பாலாறு ஓர் ஏரியை நிரப்பிவிட்டு அடுத்ததற்கு இறங்கி வருகிறது. நாங்கள் அது வந்த வழியில் எதிர்த்துப் போனோம். ஒரு பக்கம் கரும்பாறைக் குன்றுகள். மறுபக்கம் நெல் வயல். குன்று திரும்பினால் மறுபடி தண்ணீர். வேறொரு நாளாக இருந்தால் இதற்காகவே ஒருவன் கிளம்பி வரலாம். நான் சூரியன் எங்கே இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஏரியின் கோடியில் ஏரிக்கு மிஞ்சிய தண்ணீர் பாதைமேல் வழிந்தது. கடக்கும்போது வண்டியின் சக்கரத்தைச் சுழற்றும் தோல் பெல்ட் நனைந்து வழுக்க ஆரம்பித்தது. இறங்கி, சருகு மூட்டி, அதைச் சூட்டில் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போதுதான் அவர் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

"எங்கப்பன் எட்டு ஊருக்கு சாவு சொன்னவரு தம்பி. ஊர்ல எவன் செத்தாலும் எங்க வூட்டு ஆளுதான் நடந்து போயி சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும். தெருவுக்குள்ள போவக்கூடாது. துண்ட எடுத்துக் கக்கத்துல வெச்சிக்கினு, தெருக்கோடியில நின்னு சத்தமா சொல்லணும். கூலியா ஒரு படி கேவரகு போடுவாங்க. எங்கப்பன் கூரைல பொகை வருதான்னு பாப்பாரு. பொகை அடங்கற வரைக்கும் வேலி ஓரமா குந்தியிருப்பாரு. துன்னட்டுமே பாவம்னு."

"அவங்களுக்குத் தெரிஞ்சா?"

"ஒரு ஊர்ல தெரிஞ்சிபோச்சி. அவரு குந்தியிருந்ததால பொணம் எரிஞ்சப்பறம்தான் போயி சேந்தாங்க அந்த வூட்டு ஜனங்க. எங்கப்பன புளியமரத்துல கட்டிவெச்சி அடிச்சாங்க. அதுக்கப்பறமும் அவரு அப்பிடிதான். எனக்கு அந்த வேலையே வேணாம்னுதான் இங்க ஓடியாந்தேன்." பெல்ட்டைத் தடவிப் பார்த்தார். "காஞ்சிடுச்சி. தள்ளுங்க."

அவர்களைக் கண்டுபிடித்தபோது உச்சிவேளை. அந்த ஏரியின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கரைமேல் பெண்கள் மண்கூடைகளோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் வரிசை கலைந்தது. காசியம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு கூடையை இறக்கினாள்.

"ரைட்டரய்யா! இன்னா இது, இந்தப் பக்கம்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் பக்கத்திலிருந்தவள் கத்தினாள். "அடியே காசி! உன் புருஷன் தேர் அனுப்பிக்கீறான்டி!"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். காசியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண் சிரித்தது. "அவரு வரலியா?" என்று கேட்டாள்.

"அவரால வரமுடியலம்மா" என்றார் பிட்டரண்ணன்.

"ஷிப்டா?"

அவர் குனிந்து பெல்ட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்.

அவள் வயலுக்குப் புதிது. அவளுக்கு அந்தக் கேள்வி வெறும் கேள்வி. அதைக் கேட்டு முகம் மலர்ந்த ஒரே பெண் அவள்தான்.

"இல்லண்ணே, இப்பதான் களி கிண்டி எறக்கிக்கீறாங்க. நீங்களும் வாங்க. இவ்ளோ தூரம் வந்துட்டு வெறும் வயித்தோட போவறதா?"

களியும் கீரைக் குழம்பும். அவள் எங்களுக்கு உருட்டிப் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். நன்றாகப் பசித்துச் சாப்பிட்டாள். அவர் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாண்ணே, களி புடிக்காதா? தங்கவயல்ல எல்லாம் அரிசிச் சோறுதானோ?" என்று கேலி செய்தாள். அவர் ஒரே விழுங்காக விழுங்கினார்.

அவள் கை கழுவியதும் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் கை கழுவியவள் அப்படியே ஏரியில் இறங்கி முகம், கை, கால் எல்லாம் தேய்த்துக் கழுவினாள். மண் படாத சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு சிறுமி தண்ணீரிலிருந்து அல்லிப்பூ பறித்து வந்தது. பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அதைத் தலையில் வைத்துவிட்டார்கள். "ரெண்டு நாள் கழிச்சி திரும்ப சண்ட போட்டுக்கினு வந்துடு, கூடைய எடுத்து வெக்கறோம்" என்றாள் ஒருத்தி. மறுபடியும் சிரிப்பு.

நான் அவரைத் தனியே அழைத்தேன். "நேரமாகுது அண்ணே. இப்பவே சொல்லிடுங்க."

"இந்தச் சிரிப்புக்கு நடுவுலயா? பேத்தமங்கலத்துல சொல்றேன். அங்க மரம் கீது, தண்ணி கீது, உக்காரலாம். அங்கேர்ந்து வயலு ரொம்ப தூரமில்ல. மொகம் பாத்துடலாம்."

அவளைக் கூடையில் உட்காரவைத்தோம். நான் அவருக்குப் பின்னால், சாமான் கட்டும் கம்பிமேல் உட்கார்ந்தேன்.

அந்தத் திரும்பும் பயணத்தை நான் எழுதத்தான் வேண்டும். வண்டி கிளம்பியதும் அவள் "யம்மாடி!" என்று கத்தினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கோடித் தண்ணீரில் இறங்கும்போது தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி அவள்மேல் கொட்டியது. சேலை நனைந்தது. அதற்கும் சிரித்தாள். ஓர் உழவனின் மாடுகள் நுகத்தோடு நெல் வயலைத் தாண்டி ஓடின. "மாமோவ், புடி புடி!" என்று அவனைப் பார்த்துக் கூவினாள். முக்குளிப்பான் தண்ணீரில் முங்கி வேறிடத்தில் தலை தூக்குவதைப் பார்த்து, "நம்மளப் பாத்து ஒளியுது பாரு" என்றாள். ஏரியிலிருந்து ஏரிக்கு, குன்றின் நிழலிலிருந்து வெயிலுக்கு, வெயிலிலிருந்து நிழலுக்கு. ஒரு மாதமாகத் தலையில் மண் சுமந்தவள் அவள். மண் சுமந்த அதே கரைகளின் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போனாள். எனக்கு முன்னால் அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அது ஒரு முறையும் அசையவில்லை.

பேத்தமங்கலம் கரையில் வண்டியை நிறுத்தினார். வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அவள் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லிட்றேன். வூட்டாண்ட நானா எறங்கமாட்டேன். அவரு வந்து கையப் புடிச்சி எறக்கணும். லைனு ஜனமெல்லாம் பாக்கணும்."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். முகம் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பின்னாலேயே நகர்ந்து, தெருக்கோடி அளவு தூரம் தள்ளிப் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் யார் வாசலிலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"யம்மா, ஏழுமல செத்துட்டாரும்மா. ராத்திரி ஷிப்டுல. பாற வெடிச்சி."

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவளுக்கு உறுதியாகிவிட்டது. அவள் அலறவில்லை.

"உனக்கு எப்பத்லேர்ந்து தெரியும்?" என்றாள். 'அண்ணே' போய்விட்டது.

"வெடிகாலையிலேர்ந்து."

"நான் களி துன்னச்சொல்ல தெரியும்?"

"தெரியும்மா."

"பூ வெச்சிக்கினப்ப?"

"தெரியும்."

"என்ன சிரிக்கவுட்டு இட்டுனு வந்தியா?"

அவள் தலையிலிருந்த அல்லியைப் பிய்த்தெடுத்தாள். தூக்கி எறியவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள். வயல் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

அவர் வண்டியை உருட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினார். "ஏறும்மா. கால்ல வுழறேன். பொழுது சாயறதுக்குள்ள போனா மொகம் பாக்கலாம். பாத்துட்டு என்ன செருப்பால அடி."

அவள் திரும்பாமலே சொன்னாள். "அதுல ஏறுனா திரும்பவும் சிரிப்பு வந்துடுமோன்னு பயமாகீது."

அதன்பின் அவர் அவளை அழைக்கவில்லை. என்னிடம், "நீங்க கூட நடங்க. நான் போயி அடக்கத்த நிறுத்தறேன்" என்றார். இருவரும் தள்ளினோம். வண்டி சத்தம் குன்றுக்கு அப்பால் போய்த் தேய்ந்தது.

நான் அவளோடு நடந்தேன். பாதி வழியில், ஏழுமலை கடைசியாக என் ஜன்னலில் கேட்டதைச் சொன்னேன். எந்த ஏரியில் இருக்கிறாள் என்று கேட்டான், உன்னை அழைக்க வரத்தான் இருந்தான் என்றேன்.

"அத்த காலையிலயே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

இடுகாட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. குழி தோண்டிய இருவரும் தனித்தனியே என்னிடம் ஒரே மாதிரி சொன்னார்கள், அதனால் எழுதுகிறேன். பிட்டரண்ணன் போய்ச் சேர்ந்தபோது உடல் குழிக்குப் பக்கத்தில் இருந்தது. பெண்சாதி வந்துகொண்டிருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினார். ஆட்கள் பொறுத்தார்கள். சூரியன், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டின்மேல் இறங்கியது. சுகாதார மேஸ்திரி உத்தரவு உத்தரவுதான் என்றார். அப்போது இவர் குழிக்குள் குதித்து உட்கார்ந்துகொண்டார். "என் மேல போட்டு மூடுங்கடா" என்றாராம். நாலு பேர் இறங்கிக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வெளியே போட்டார்கள்.

நாங்கள் போனபோது மண் மேடாகியிருந்தது. இருட்டத் தொடங்கிவிட்டது. அவள் கையிலிருந்த பூவை அதன்மேல் வைத்துவிட்டு, அதன்மேலேயே விழுந்தாள். அப்போதுதான் அழுதாள். அவர் இடுகாட்டுக்கு வெளியே வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தலைமுடி வரைக்கும் குழிமண். பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் அவரைப் பார்த்தாள். அந்த மண்ணைப் பார்த்தாள். லைன் பக்கம் நடந்தாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள். லைன் வீட்டை அதற்குள் வேறு ஆளுக்கு எழுதிவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, பழைய மண்வேலைக்கே கிளம்பினாள். என் ஜன்னலிலிருந்து பேத்தமங்கலம் சாலை தெரியும். அவள் போனாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம் பின்னால் விட்டு அவரும் போனார். பட்டறைக்குச் சொல்லாமல், நடந்தே போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கூப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பொழுது சாய்கிற நேரத்தில் அவர் என் ஜன்னலுக்கு வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"போய்ச் சேந்துட்டாளா?" என்று கேட்டேன்.

"சேந்துட்டா. ராமசாகரத்துல ஒரு சாவடியில படுத்திருந்துட்டு, நேத்து மத்தியானம் போய்ச் சேந்தா. நான் கரைக்கு இப்பாலயே நின்னுக்கினேன். அவங்கல்லாம் களிய முன்னால வெச்சிக்கினு அப்பதான் உக்காந்திருந்தாங்க. அவங்க துன்னு முடிக்கிற வரைக்கும் இவ நிப்பான்னு நெனச்சேன் தம்பி. நிக்கல. மூட்டைய எறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா."

"அழுதாங்களா?"

"அழுதாங்க. மார்ல அடிச்சிக்கினு அழுதாங்க. இவளக் கட்டிக்கினு அழுதாங்க. அப்பறம் ஒட்ட மேஸ்திரி கத்துனான், வேலைக்கு நேரமாச்சுன்னு. இவ கையக் கழுவிக்கினு வந்து அவங்க நடுவுல உக்காந்தா. ஒரு உருண்டைய எடுத்தா. துன்னுங்கடீன்னா. துன்னாங்க. அவளும் துன்னா."

அவர் ஜன்னல் கட்டையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, எனக்குப் பின்னாலிருந்த ஆணி வரிசையைப் பார்த்தபடி நின்றார்.

"சேதி கேட்ட பெறவும் ஜனங்க துன்றாங்க தம்பி. எங்கப்பனுக்கு அது தெரியாமலே போயிடுச்சி."